ஆறிய கையும் எழுந்த ஐயமும்

ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் தோல் தொழிலை நம்பி வாழும் நம் குடும்பங்கள் பல. என் மதரஸா மாணவர் ஒருவரின் தந்தை, குரோம் பதனிடும் தொட்டியருகே பணிபுரிபவர். கைகளில் தோல் தடித்து, வெடித்து, அரிப்பெடுக்கும். விடுப்பில் இருந்தால் ஆறிவிடும். திரும்பினால் மீண்டும் கிளம்பும். "வீட்டிலிருந்தால் நலம், ஆலைக்கு வந்தால் நோயா?" என்று மேலாளர் ஐயுற்றார். வீட்டுக்கு ஆளும் அனுப்பினார். நோயுற்றவரை நலம் விசாரிப்பது நம் மார்க்கம் வலியுறுத்தும் கடமை. உளவு பார்ப்பது அதில் சேராது.

பின்னர்த் தொழில்சார் மருத்துவர் ஒருவர் பரிசோதித்தார். மேலாளர் எதைப் பொய்க்குச் சான்றாகக் கொண்டாரோ, அதையே அவர் நோய்க்குச் சான்றாகக் கண்டார். பணியிடத்தை விட்டு விலகினால் ஆறுவதும், திரும்பினால் வருவதும் தொழிலால் உண்டாகும் தோலழற்சியின் முக்கிய அடையாளமாம். ஈரத் தோலைத் தொடலாகாது, கிடங்கில் கணக்கு வேலை தரலாம், ஆறு வாரத்தில் மீண்டும் வரவேண்டும். மேலாளருக்கு அவர் எழுதியது இவ்வளவே. அவருக்கிருந்த மற்ற உபாதைகள் அதில் இல்லை. நோயாளியின் இரகசியம் அமானிதமன்றோ!

காப்பீடு பெற்ற தொழிலாளிக்கு, உரிய சந்தா செலுத்தப்பட்டிருந்தால், ஆண்டுக்கு 91 நாள் வரை ஊதியத்தில் 70 விழுக்காட்டை இ.எஸ்.ஐ. வழங்குகிறது. அது வீட்டில் அடுப்பெரிய உதவும். ஆயினும் அதே தொட்டிக்கே திரும்பினால் என்ன பயன்?

இப்போது அவர் கிடங்கில் இருக்கிறார். கை ஆறி வருகிறது. அங்கே மிகைநேர வேலை இல்லையே என்ற கவலைதான் அவருக்கு மிஞ்சியிருக்கிறது.