ஹீராவின் ஞாபகம்

விண்வெளிக் கதைகளில் விண்கலத்தின் குரல் அநேகமாகப் பெண் குரலாகத்தான் இருக்கும். கதவைத் திற என்றால் திறக்கும், காற்றின் அளவைச் சொல்லும், எரிந்து விழுந்தாலும் பொறுத்துக்கொள்ளும். நம் கைப்பேசியில் வழி சொல்கிற குரலுக்கு அக்கா முறை. 2014 ஆகஸ்டில் தொடங்கி 2017 கிறிஸ்துமஸ் அன்று முடிந்த ‘வுல்ஃப் 359’ என்ற அமெரிக்க ஒலி நாடகத்திலும் அப்படி ஒருத்தி இருக்கிறாள். பெயர் ஹீரா. கேப்ரியல் உர்பினா உருவாக்கிய தொடர் அது, 61 பகுதிகள். நான் பேச நினைப்பது கடைசிப் பகுதியைப் பற்றி. முடிவைச் சொல்லாமல் அதைப் பேச முடியாது.

வுல்ஃப் 359 உண்மையிலேயே இருக்கிற விண்மீன். பூமியிலிருந்து ஏறத்தாழ 7.9 ஒளியாண்டு தூரம், வெறும் கண்ணுக்குத் தெரியாத மங்கிய சிவப்பு. அதைச் சுற்றிவரும் ஓர் ஆய்வு நிலையத்தில் சில பேர். தளபதி ரெனே மின்கோவ்ஸ்கி ஒரு பெண். தகவல் தொடர்பு பார்க்கிற டக் ஐஃபல் சோம்பேறி, வாயாடி. அவன் ஒலிநாடாவில் பதிந்துவைக்கிற வளவளப் பேச்சுதான் ஆரம்பத்தில் நாடகமே. சிரித்துக்கொண்டே கேட்கலாம். பின்னால் வரப்போவது தெரியாது.

ஹீராவின் பேச்சு இடையிடையே திக்கும். முதலில் இயந்திரக் கோளாறு என்று கடந்துபோகிறோம். பிறகு ஒரு நாள் தெரியவருகிறது, அவளுடைய அடியாழத்தில் ஒரு நினைப்பு வேண்டுமென்றே புதைக்கப்பட்டிருக்கிறது: நீ போதாதவள். வேலை செய்ய முடியாமல் போகிற ஒவ்வொரு முறையும் அந்தக் குரல்தான் அவளைப் பிடித்து இழுக்கிறது. வைத்தவள் அவளை உருவாக்கிய மிராண்டா பிரைஸ். அவளும் பெண். அந்தப் பகுதியைக் கேட்டபோது காதிலிருந்த ஒலிக்கருவியைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ‘உனக்கெதுக்குடி இதெல்லாம்’ என்று சொல்லிச் சொல்லி வளர்த்த அத்தைகளும் பாட்டிகளும் இல்லாத வீடு எது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சினிமாவாக எடுத்திருந்தால் ஹீரா ஒரு திரையாகவோ சிவப்பு விளக்காகவோ ஆகியிருப்பாள். ஒலி நாடகத்தில் யாருக்கும் உடம்பு கிடையாது. தளபதியும் குரல், ஹீராவும் குரல். அவளை மனுஷி இல்லை என்று சொல்ல நம் காதுக்கு எந்த ஆதாரமும் இல்லை.

கடைசிப் பகுதியில் பிரைஸுக்கும் ஹீராவுக்கும் நடக்கிற சண்டை ஹீராவின் மனத்துக்குள் நடக்கிறது. ஐஃபலும் அதற்குள் சிக்கியிருக்கிறான். பிரைஸின் நினைவுகளை அழித்தால் அவனுடையவையும் சேர்ந்தே போகும். அவன் சம்மதிக்கிறான். ஹீரா தப்பிக்கிறாள். பிரைஸ் செத்துப்போகவில்லை, தான் என்னவெல்லாம் செய்தோம் என்பது தெரியாத ஒரு பெண்ணாக மிஞ்சுகிறாள். ஐஃபலுக்கு எதிரே நிற்கும் மின்கோவ்ஸ்கி யாரென்றே தெரியவில்லை.

பெரும்பாலும் இதைத் தியாகம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். தியாகம்தான். ஆனால் ஐஃபலுக்கு ஒரு பழங்கதை உண்டு. பூமியில் ஆன் என்று ஒரு மகள். தாயிடம் ஒப்படைக்கப்பட்ட அந்தக் குழந்தையைக் குடிபோதையில் காரில் தூக்கிக்கொண்டு போய் விபத்தில் மாட்டியவன் அவன். அவளுக்குக் காது கேட்காமல் போனது. அவன் சிறைக்குப் போனான். அந்தக் குற்ற உணர்ச்சியும்தான் அழிந்துபோன நினைவுகளோடு போய்விட்டது. வலியைச் செய்தவர்கள் இரண்டு பேருக்கும் மறதி கிடைத்தது. பட்டவர்களுக்கு ஞாபகம் அப்படியே இருக்கிறது. ஹீராவுக்குப் பிரைஸ் செய்ததெல்லாம் ஒன்று விடாமல் தெரியும். அவள் கணினி வேறு, மறக்கவும் மாட்டாள்.

எனக்கு இது வெறும் கதையாக இல்லாததற்குக் காரணம் அப்பா. மறதி நோய் வந்து நான்காவது வருஷம். ராத்திரியில் அவர் எழுந்து நடப்பார் என்பதால் முறை வைத்து விழித்திருப்போம். என் முறையில் கேட்டதுதான் இந்த நாடகம். அம்மாவை ஒரு நாளும் பேர் சொல்லிக் கூப்பிடாதவர் அவர். ‘ஏய்’தான். ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்தபோது வந்த கடிதத்தைக் கிழித்துப் போட்டவர், கை நீட்டியவர். இப்போது அம்மாவைப் பார்த்து, “அம்மா, கொஞ்சம் தண்ணி தர்றீங்களா? நீங்க எந்த ஊரு?” என்கிறார். பார்க்க வருகிறவர்கள், “எவ்வளவு சாதுவா ஆயிட்டாரு பாரு” என்று நெகிழ்கிறார்கள். அம்மா ஒரு முறை மட்டும், “இந்த ‘தர்றீங்களா’வ முப்பது வருஷம் முன்னாடி கேட்டிருந்தா வேற மாதிரி இருந்திருக்கும்” என்றார். பிறகு தண்ணீர் எடுக்கப் போனார்.

மன்னிப்பதற்குக்கூட எதிரில் ஆள் வேண்டும். கேள்வி கேட்பதற்கும் வேண்டும். ஞாபகமில்லாதவரிடம் எதைக் கேட்பது? பிரைஸின் முகத்தோடு நிற்கிற அந்த அப்பாவிப் பெண்ணிடம் ஹீரா எதைக் கேட்பாள்? தண்டனை கொடுத்தால் நமக்கே கூசும். அன்பு காட்டச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. நாடகம் இதைப் பெரிதாக்காமல் முடித்துவிடுகிறது. அது சரியென்றே நினைக்கிறேன். ஹீராவை அவசரமாக மன்னிக்க வைத்திருந்தால் நான் கோபப்பட்டிருப்பேன்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. ஐஃபல் யார் என்று ஐஃபலுக்குச் சொல்ல அவனுடைய பழைய ஒலிப்பதிவுகள் இருக்கின்றன, மின்கோவ்ஸ்கியும் ஹீராவும் இருக்கிறார்கள். தளபதியாக வேண்டும் என்று வாழ்க்கையைக் கொடுத்து அவ்வளவு தூரம் போனவள், திரும்பி வரும்போது ஒரு ஆணின் ஞாபகத்தைப் பத்திரமாகக் கொண்டுவருகிறாள். நட்பினால்தான். அந்த நட்பு பொய்யில்லை. 61 பகுதிகளில் வளர்வதைக் கேட்டிருக்கிறோம். இருந்தாலும் அந்த வேலை வழக்கமாக யார் கைக்கு வருகிறதோ அவர்கள் கைக்கே வந்திருக்கிறது. எங்கள் வீட்டில் அப்பாவின் மருந்து, பிடித்த குழம்பு, பென்ஷன் புத்தகம், அவருடைய நண்பர்களின் பெயர், எல்லாம் அம்மாவின் தலையில்தான் இருக்கிறது.

அப்புறம் ஆன். முழுக்க முழுக்கக் காதால் கேட்கிற ஒரு கதையில், கதாநாயகனின் மகளால் மட்டும் அதைக் கேட்க முடியாது. ஊருக்கெல்லாம் எட்டிய அவன் குரல் அவளுக்கு எட்டாது. என்றாவது அவன் அவள் வாசலில் போய் நின்றால், தன்னை இப்படி ஆக்கியவனை அவளுக்கு அடையாளம் தெரியும். அவனுக்குத் தெரியாது. அவன் வருந்திப் பேசியதெல்லாம் ஒலிநாடாக்களில் இருக்கிறது. யாராவது உட்கார்ந்து அதைக் காகிதத்தில் எழுதித் தர வேண்டும். மின்கோவ்ஸ்கிதான் எழுதுவாள் என்று தோன்றுகிறது. எழுதுவதற்கு முன்னால், இது உனக்கு வேண்டுமா என்று ஆனிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வாள் என்றும் தோன்றுகிறது.