அம்புக்குறி போட்ட இடங்கள்

திங்கள், இரவு

பெருங்குடி ஆபீஸ் கண்ணுக்கெட்டும் தூரம்தான். ஆனால் பக்கிங்ஹாம் கால்வாயைச் சுற்றிக்கொண்டு பாலவாக்கம் வந்து சேர எட்டரை ஆகிவிடுகிறது. சாப்பிட்டதும் லேப்டாப்பில் பாலரினாவை இறக்கினேன்.

கிளவுட் சர்வீஸ்களை ஒன்றோடொன்று இணைப்பதற்கென்றே உருவான மொழி. 2005-இல் தொடங்கி கொழும்பில் வளர்ந்த டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தினுடையது. மொழியைத் தொடங்கிவைத்தவர் சஞ்சீவ வீரவரண. வடிவமைப்பில் பெரும்பங்கு ஜேம்ஸ் கிளார்க்குக்கு, எக்ஸ்எம்எல் தரத்தை வகுத்த குழுவின் தொழில்நுட்பத் தலைவராக இருந்த அதே கிளார்க். 2017-இல் வெளியே சொன்னார்கள், 2019-இல் 1.0, 2022-இல் ‘ஸ்வான் லேக்’. இணைப்பு வேலையை எக்ஸ்எம்எல் கான்ஃபிகாகவே எழுதிச் சலித்தவன் நான். ஓர் இஃப்-எல்ஸுக்கு முக்கால் பக்கம் டேக் போடுவது என்ன பிழைப்பு!

செவ்வாய்

பயிற்சிக்கு ஒரு சின்ன வேலை: ஆர்டர் வந்தால் ஸ்டாக் சர்வீஸிடம் கேட்க வேண்டும், இருந்தால் கூரியர் சர்வீஸுக்குச் சொல்ல வேண்டும்.

என்னை உட்காரவைத்தது அம்புக்குறி. என் புரோகிராமுக்குள்ளேயே இருக்கும் மெத்தடைப் புள்ளி வைத்துக் கூப்பிடலாம். நெட்வொர்க்கைத் தாண்டிப் போகும் அழைப்புக்கு அம்பு போட்டே ஆக வேண்டும். ஜாவாவில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். எது மில்லிசெகண்டைத் தின்னும், எது டைம்அவுட் ஆகும் என்று உள்ளே போய்ப் பார்த்தால்தான் உண்டு. நெட்வொர்க் எப்போதும் இருக்கும் என்று நம்பிவிடுவதை சன் மைக்ரோசிஸ்டம்ஸில் பீட்டர் டாய்ச் 1990-களிலேயே பட்டியல் போட்டுக் கண்டித்திருக்கிறார். அந்தக் கண்டிப்பை இங்கே இலக்கணத்திலேயே வைத்துவிட்டார்கள்.

அம்பு போனால் பதில் வரும், இல்லை எரர் வரும். எரரும் ஒரு சாதாரண மதிப்புதான். ‘செக்’ என்று முன்னால் போட்டால், எரர் வந்ததும் ஃபங்ஷன் அதையே திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறும். போடவும் இல்லை, வேறு விதமாகக் கையாளவும் இல்லையென்றால் கம்பைலர் விடாது. முதலில் எரிச்சல்தான். மூன்றாவது அம்பு எழுதும்போது அதுவே தெம்பாக இருந்தது.

வியாழன்

நேற்று கரன்ட் கட். இன்று ரெக்கார்டு.

கூரியர் பதிலில் எனக்கு வேண்டியது நம்பரும் நிலையும் மட்டும். அந்த இரண்டையும் ரெக்கார்டில் சொன்னேன். பிறகு போலி கூரியர் சர்வீஸில் வேண்டுமென்றே ‘டிரைவர் போன்’ என்று ஒரு ஃபீல்டைச் சேர்த்து அனுப்பினேன். ஒன்றும் உடையவில்லை. பாலரினாவில் ரெக்கார்டு இயல்பிலேயே திறந்தது. கூடுதலாக வந்தால் வாங்கிக்கொள்ளும். நிலை என்ற ஃபீல்டை நீக்கினேன், உடனே எரர். ஜாவாவில் ஜாக்சன் 2-ஐ அப்படியே விட்டால், தெரியாத ஃபீல்டு ஒன்று வந்தாலே எக்ஸெப்ஷன் பறக்கும். எதிர்ப்பக்கத்து டீம் சொல்லாமல் கொள்ளாமல் ஃபீல்டு சேர்ப்பது நம் தொழிலில் அன்றாடக் கூத்து. அதைத் தெரிந்தவர்கள் எழுதிய மொழி இது.

சனி

விஎஸ் கோடில் ஒரு பட்டனைத் தட்டினால் இதே புரோகிராம் சீக்வென்ஸ் டயகிராமாக விரிகிறது. யார் யாரைக் கேட்கிறார்கள் என்று ஒவ்வொரு அம்பும் படத்தில் கோடாக வருகிறது. அழகுதான். ஆனால் ஃபங்ஷன் கொஞ்சம் நீண்டால் படம் மொட்டைமாடி கொடிக்கயிறு மாதிரி ஆகிவிடுகிறது. மேனேஜருக்குக் காட்டலாம், நான் புரோகிராமையே படித்துக்கொள்வேன்.

ரீட்ரை வைப்பதும் சுலபம், கிளையன்ட் கான்ஃபிகில் நாலு வரி. அங்கேதான் பயம். ஸ்டாக் கேட்பதை எத்தனை தடவையும் கேட்கலாம். கூரியர் புக்கிங்கில் பதில் மட்டும் வழியில் தொலைந்திருந்தால், ரீட்ரை இன்னொரு பார்சலைப் பதிவு செய்துவிடும். எதற்கு ரீட்ரை வைக்கலாம் என்பதை மொழி சொல்லித் தராது. ஸ்டாக்குக்கு மட்டும் வைத்தேன்.

திங்கள்

பக்கத்து சீட் தம்பி கேட்டான்: “அண்ணா, இதுல வேலை கிடைக்குமா?” ஓஎம்ஆர் ஐடி கம்பெனிகளில் ஜாவா, பைத்தான் கேட்கிற அளவுக்கு இதைக் கேட்பவர்களை நான் பார்த்ததில்லை, அதையே சொன்னேன். “அப்புறம் எதுக்குண்ணா?” என்றான். அவனுடைய ஜாவா ஃபங்ஷனைத் திறக்கச் சொல்லி, நெட்வொர்க்கைத் தாண்டும் வரிகளுக்கெல்லாம் பக்கத்தில் பென்சிலால் அம்பு போடச் சொன்னேன், பிரின்ட் எடுத்துத்தான். ஒரு ஃபார் லூப்புக்குள்ளேயே இரண்டு அம்பு விழுந்தது. “ஐயோ, ஆர்டர் நூறு இருந்தா இருநூறு தடவை போகுமாண்ணா?” என்று பேப்பரை எடுத்துக்கொண்டு அவன் சீட்டுக்குப் போய்விட்டான்.