மீனுக்கேத்த நரம்பு, கைக்கேத்த நரம்பு

வாரத்துல அஞ்சு நாள் பொட்டி தட்டிட்டு, ஞாயித்துக்கிழமை ஆனா தூண்டிலோட கிளம்புற ஆளு நான். கும்மிடிப்பூண்டிக்காரனுக்கு ஏரிக்குப் பஞ்சமா என்ன? கொஞ்ச தூரம் போனா பழவேற்காடு வேற. "எந்த நரம்புடா வாங்கலாம்?"னு ஆபீஸ்ல அடிக்கடி கேக்குறாங்க. அதுக்குத்தான் இது.

ஏரியில ஜிலேபி, கெண்டைக்கு சாதா நைலான் தங்கூசி போதும். இழுத்தா கொஞ்சம் நீளும், அதனால மீன் திமிர்ற வேகத்தைத் தாங்கிக்கும். ஆனா வெயில் பட்டுப்பட்டு பலம் போயிடும், அப்பப்போ மாத்திடணும்.

விரால் வேற கேஸு. மாட்டின உடனே ஆகாயத்தாமரைக்குள்ள பூந்துக்கும். அதை வெளிய இழுக்க நீளாத பின்னல் நரம்பு, அதான் பிரெய்டு, வேணும். கழிமுகத்து கொடுவாவுக்கு செவுள் மூடி கத்தி மாதிரி இருக்கும். நுனியில ரெண்டு மூணு அடி தடிமனான லீடர் கட்டலைன்னா அறுத்துட்டு டாட்டா காட்டிடும் :-)

ஃப்ளை ஃபிஷிங்ல கணக்கே தலைகீழ். பூச்சி மாதிரி இருக்கிற அந்தத் தூண்டிலுக்கு எடையே கிடையாது, நரம்போட எடைதான் அதைத் தூக்கிட்டுப் போகும். நம்பர் ஏற ஏற எடை கூடும். நீலகிரி டிரவுட்டுக்கு 4, 5 நம்பர் சரி. கொடுவாவுக்கு 8, 9 வேணும்.

இப்போ முக்கியமான விஷயம். எங்க தெரு அண்ணன் ஒருத்தர் சிப்காட்ல கான்ட்ராக்ட் வேலை. "பிரெய்டுதான் பலம்"னு யாரோ சொல்ல, கோல் இல்லாம கையில சுத்திப் பிடிச்சிருக்காரு. பெரிய மீனு ஒண்ணு ஓட, விரல்ல ஆறு தையல். பத்து நாள் வேலைக்குப் போகல, போகாத நாளுக்குக் கூலியும் இல்ல. "மீனு போனாப் போகுது தம்பி, இந்த மாச வாடகைக்குத்தான் என்ன பண்றதுன்னு தெரியல"ன்னாரு. எனக்குப் பதில் சொல்லத் தெரியல.

அதே பலத்துக்கு பிரெய்டு ரொம்ப மெலிசு, அதனாலதான் சதையை அறுக்குது. வெறுங்கையில பிடிக்கிறவங்க தடிமனான தங்கூசியே வாங்குங்க. அதையும் கையில சுத்தாதீங்க, ஒரு கட்டையில சுத்திக்குங்க.

இன்னும் ரெண்டே ரெண்டு. பழவேற்காட்டுல யார் எங்க வலை போடணும்னு மீனவங்க அவங்களுக்குள்ளயே முறை வச்சிருக்காங்க, பாடுன்னு பேரு. அந்த இடத்துல நம்ம பொழுதுபோக்கு வேணாம். அறுந்த நரம்பை அங்கேயே போட்டுட்டு வராதீங்க, பறவை காலுல சிக்கிக்கும்.

வர்ட்டா?