அப்பாயி அணைத்த சுவிட்ச்

நாள் தவறாமல் வரும் காய்ச்சலுக்கு வைத்தியர் மருந்து சொல்லிவிடுவார். ஒருநாள் வந்து இருநாள் மறைந்து, வைத்தியர் நாடி பிடிக்கும்போது மட்டும் ஒளிந்துகொள்ளும் காய்ச்சல்தான் வீட்டாரை அலைக்கழிக்கும். 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம் எங்கள் வீட்டுக் கணிப்பொறிக்கு வந்தது அந்த இரண்டாம் வகைக் காய்ச்சல். அதைத் தீர்க்கப் புறப்பட்ட அக்காள் தங்கை நாங்கள் இருவரும் கற்ற பாடத்தைத் தோழியருக்குச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

அந்தக் கணிப்பொறி எங்களுக்கு விளையாட்டுப் பொருள் அன்று. திருமண அழைப்பிதழ், புதுநன்மை வாழ்த்து மடல், நினைவுத் திருப்பலி அறிவிப்பு முதலியவற்றை அம்மா அதில்தான் தட்டச்சு செய்து அச்சகத்துக்கு அனுப்புவார். எங்கள் படிப்புச் செலவில் ஒரு பங்கு அந்த வருமானத்திலிருந்துதான் வருகிறது.

சில நாள் காலையில் பொத்தானை அழுத்தியதும் வழக்கம்போல் திறக்கும். சில நாளோ, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் தோன்றும். அமைப்புகள் அழிந்துவிட்டன என்று சொல்லி அப்படியே நின்றுவிடும். அப்பா அமைப்புப் பக்கத்துக்குள் சென்று, எந்த வட்டிலிருந்து தொடங்க வேண்டும் என்பதை மறுபடியும் குறித்துக் கொடுத்தால்தான் நகரும். அப்படித் திறந்த பிறகும் கடிகாரம் 2012 ஜனவரி 1 என்று காட்டும். தேதி தவறாக இருப்பதால் இணையத் தளங்கள் பாதுகாப்பில்லை என்று கூறிக் கதவை அடைத்துக்கொள்ளும். தேதி பிசகியதை நாங்கள் ஒரு சில்லறைத் தொல்லையாகவே நினைத்தோம். உண்மையில் நோயின் பெயரை அது ஒவ்வொரு முறையும் எங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தது!

முதலில் எங்களுக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தோம். பெட்டியைத் திறந்து தூசி தட்டினோம். கம்பிகளை அழுத்திச் செருகினோம். ராம் என்னும் நினைவகப் பலகையைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெல்லத் துடைத்து மாட்டினோம். மறுநாள் திறந்தது, அதற்கு மறுநாளும் திறந்தது. எங்களைப் போல் நிபுணர் உண்டோ என்று பூரித்துப் போனோம். நான்காம் நாள் மீண்டும் கறுப்புத் திரை! காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் அது என்று அப்போது புரியவில்லை. பழுது பார்க்க வந்தவர் முன்னிலையில் கணிப்பொறி நல்ல பிள்ளையாகத் திறந்தது. எதற்கும் மதர்போர்டை மாற்றிவிடலாம் என்று அவர் சொன்ன தொகையைக் கேட்டு அம்மாவின் முகம் வாடியது.

ஆகஸ்டு மாதம் தொடங்கியதும் ஒரு பழைய நோட்டில் நாள்தோறும் குறிப்பெழுதத் தொடங்கினோம். முந்தைய இரவு யார் கடைசியாக வேலை செய்தார், எத்தனை மணிக்கு நிறுத்தினார், சுவரிலுள்ள சுவிட்ச் எப்படி இருந்தது, காலையில் என்ன நடந்தது என நான்கு கட்டங்கள். இரண்டு வாரத்தில் உண்மை பளிச்சென்று தெரிந்தது. இரவு முழுதும் சுவிட்ச் அணைந்திருந்த மறுநாள்தான் கோளாறு. அம்மா நள்ளிரவுவரை வேலை செய்து சுவிட்சை அப்படியே விட்டுச் சென்ற மறுநாள் கோளாறு இல்லை.

சுவிட்சை அணைப்பவர் எங்கள் அப்பாயி. இரவு ஜெபமாலை முடிந்ததும் வீடு முழுதும் சுற்றி, எரியும் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டே படுக்கைக்குச் செல்வார். அன்று காலை ஒரு வீட்டாரின் முப்பதாம் நாள் நினைவு மடல் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. அந்த வேலை கைவிட்டுப் போயிற்று. அந்தக் கோபத்தில் நோட்டை அப்பாயியின் முன் விரித்து, "உங்களால்தான் எல்லாம் கெட்டது" என்று சொல்லிவிட்டோம்.

"கரண்டு வீணாகுமேன்னுதான் அணைச்சேன் கண்ணு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அன்று முதல் அந்த அறைக்குள் அவர் வருவதில்லை. தம் தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறியை நிறுத்தவும், "அணைக்கலாமா?" என்று எங்களைக் கேட்கத் தொடங்கினார். கணிப்பொறியும் நாள்தோறும் ஒழுங்காகத் திறந்தது. எங்கள் தீர்ப்பு சரியென்று இருந்துவிட்டோம்.

ஆகஸ்டு 29 அன்று கொடியேற்றம் காண அப்பாயி வேளாங்கண்ணிக்குச் சென்றார். செப்டம்பர் முதல் வாரத்தில் ஓரிரவு பெருமழை. நள்ளிரவில் போன மின்சாரம் விடிந்த பிறகே வந்தது. கணிப்பொறியைத் திறந்தோம். அதே கறுப்புத் திரை. அதே 2012 ஜனவரி 1! குற்றவாளி என்று நாங்கள் தீர்த்தவரோ பல மைல்களுக்கு அப்பால் மாதாவின் திருத்தலத்தில் இருந்தார்.

நோட்டை எடுத்துக்கொண்டு எங்கள் இயற்பியல் ஆசிரியையிடம் ஓடினோம். அவர் புன்னகையுடன் விளக்கினார். 1981-இல் வந்த ஐ.பி.எம். சொந்தக் கணிப்பொறியில் மின்சாரம் போன பிறகும் ஓடும் கடிகாரம் இல்லை; ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் தேதியையும் நேரத்தையும் அது கேட்கும். 1984-இல் வந்த ஏ.டி. வகையில், கடிகாரத்தையும் அமைப்புகளையும் காக்கும் சிறு நினைவகமும், அதற்கென ஒரு பாட்டரியும் வைத்தார்கள். எங்கள் கணிப்பொறியில் அந்த வேலையைச் செய்வது சி.ஆர். 2032 என்னும் வில்லை. குறுக்களவு 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2 மில்லிமீட்டர் என்பதையே அந்த எண் குறிக்கிறது. சுவரில் மின்சாரம் இருக்கும்வரை, கணிப்பொறியை நிறுத்தியிருந்தாலும் அந்த நினைவகத்துக்குச் சிறிது மின்சாரம் வந்துகொண்டே இருக்கும். அது நின்றால் பாட்டரிதான் காவல். காவலாளி தளர்ந்துவிட்டால், இருட்டு நீளும் இரவுகளில் எல்லாம் மறந்துபோகும்.

அனுமதி பெற்று ஆய்வகத்து மல்டிமீட்டரால் அளந்தோம். 3 வோல்ட் காட்ட வேண்டிய வில்லை 2.1 வோல்ட்தான் காட்டியது. மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, அப்பா முன்னிலையில் புது வில்லையைப் பொருத்தினோம். விலை நாற்பது ரூபாய். பழையதை உடனே அப்புறப்படுத்தினோம். குழந்தைகள் விழுங்கினால் அந்த வில்லை உயிருக்கே ஆபத்து. வேறு எதையும் தொடவில்லை. ஒரே நேரத்தில் பலவற்றை மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாது என்பதை ரப்பர் வைத்தியத்தில் கற்றிருந்தோமே!

தோழியரே, எங்கள் நோட்டு பொய் சொல்லவில்லை. சுவிட்ச் அணைந்ததும் கோளாறும் சேர்ந்தே வந்தன என்றுதான் அது சொன்னது. அணைத்தவர் குற்றவாளி என்பது நாங்களாகச் சேர்த்த வரி. அப்பாயி செய்தது சிக்கனம். இடி மின்னல் காலத்தில் அது பாதுகாப்பும்கூட. நலிந்திருந்தது உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் கிடந்த ஒரு வில்லை.

செப்டம்பர் 9 அன்று அப்பாயி திரும்பி வந்தார். இருவரும் அவர் அருகில் அமர்ந்து நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். அவர் வேளாங்கண்ணியிலிருந்து கொண்டுவந்த எண்ணெயை எங்கள் நெற்றியில் சிலுவையாகத் தடவினார். அன்றிரவு ஜெபமாலை முடிந்ததும் அவர் கையைப் பிடித்து அந்த அறைக்கு அழைத்துச் சென்று, "அப்பாயி, நீங்களே அணையுங்க" என்றோம். சற்றுத் தயங்கி எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, சுவிட்சை அணைத்தார்.

மறுநாள் காலை கணிப்பொறி முதல் அழுத்தத்திலேயே திறந்தது. தேதியும் சரியாக இருந்தது.