கோட்டுக்கு முன்னால் விழுந்தால்...

கிராஸ் கன்ட்ரி என்று சொன்னால் நம் ஆட்கள் பலருக்கு மோட்டார் சைக்கிள் பந்தயம்தான் ஞாபகம் வரும். இது அதில்லை. வெறும் காலோட்டம். ஸ்டேடியம் கிடையாது, டிராக் கிடையாது. புல்வெளி, சேறு, மேடு, பள்ளம் எல்லாவற்றிலும் ஓட வேண்டும். அமெரிக்கக் கல்லூரிகளில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை இதுதான் சீசன். பெண்களுக்கு 6 கிலோமீட்டர். ஆண்களுக்கு 8 அல்லது 10.

எனக்கு எப்படி இதெல்லாம் தெரியும் என்கிறீர்களா? அக்கா மகள் அங்கே ஒரு சின்னக் கல்லூரியில் ஓடுகிறாள். அவர்களுக்குக் காலை பத்து, பதினொரு மணி என்றால் ராஞ்சியில் எங்களுக்கு ராத்திரிச் சாப்பாட்டு நேரம். மூன்று சீசனாக சப்பாத்தியும் லேப்டாப்புமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

பார்க்கப் பார்க்க ஒன்று புரிந்தது. இந்தப் பந்தயம் நடப்பதே கடைசி ஒரு கிலோமீட்டரில்தான். முப்பதாவது இடத்தில் வந்துகொண்டிருந்த பெண் திடீரென்று எண்பதாவது இடத்துக்குப் போய்விடுவாள். தலை பின்னால் சாயும், தோள் காது வரை ஏறும், கால் மட்டும் எங்கேயோ தனியாகப் போகும். சில பேர் தள்ளாடித் தள்ளாடி நேர்க்கோட்டை விட்டு விலகி விழுவார்கள். எழுந்து நான்கு எட்டு வைத்து மறுபடி விழுவார்கள். கோட்டுக்கு இருபது மீட்டர் இருக்கும்போது தவழ்ந்து போகிறவர்களும் உண்டு.

இதைப் பார்த்ததும் நம்மவர்கள் வாயில் வருவது இரண்டே வாக்கியம். "உடம்புல தெம்பில்ல." "மனசுல உறுதியில்ல." இரண்டும் ரொம்ப சுலபமான பதில்கள். விஷயம் அவ்வளவு சுலபமில்லை.

முதலில், ஏன் இப்படி உயிரைக் கொடுத்து ஓடுகிறார்கள்? காரணம் பாயிண்ட் முறையில் இருக்கிறது. ஒரு டீமுக்கு ஏழு பேர். அதில் முதலில் வரும் ஐந்து பேரின் இடங்களைக் கூட்டுவார்கள். மூன்றாவதாக வந்தால் 3, நாற்பதாவதாக வந்தால் 40. கூட்டுத்தொகை குறைவான டீம் ஜெயிக்கும். ஆறாவது, ஏழாவது ஆட்களுக்குப் பாயிண்ட் கிடையாது. ஆனால் எதிர் டீம் ஆளுக்கு முன்னால் வந்தால் அவர்களை ஒரு இடம் பின்னால் தள்ளலாம்.

ஆக, முதல் ஆள் எவ்வளவு பெரிய சூரராக இருந்தாலும் போதாது. டீமின் தலையெழுத்து ஐந்தாவது ஆள் கையில். என்.சி.ஏ.ஏ. முதல் டிவிஷன் தேசியப் போட்டியில் சுமார் 250 பேர் ஓடுவார்கள். நடுவில் கூட்டம் அப்படி நெருக்கமாக வரும். இரண்டு விநாடி தளர்ந்தால் பத்து இடம் போய்விடும். 2022-ல் ஆண்கள் பிரிவில் நார்தர்ன் அரிசோனாவும் ஓக்லஹோமா ஸ்டேட்டும் ஆளுக்கு 83 பாயிண்டில் சமமாக வந்து, டை பிரேக்கரில் நார்தர்ன் அரிசோனா ஜெயித்தது. 2023 பெண்கள் பிரிவில் நார்த் கரோலினா ஸ்டேட் 123, நார்தர்ன் அரிசோனா 124. ஒரே ஒரு பாயிண்ட்! அப்படி இருக்கும்போது, கால் மடங்கினாலும் தவழ்ந்தாவது போகலாம் என்று இருபது வயதுப் பிள்ளைக்குத் தோன்றுவதில் ஆச்சரியம் என்ன? மனசில் உறுதி இல்லாதவர்கள் விழுவதில்லை. அவர்கள் வேகத்தைக் குறைத்துக்கொண்டு பத்திரமாக வந்து சேர்ந்துவிடுவார்கள். உடம்பு போடும் பிரேக்கையும் மீறி ஓடுகிறவர்கள்தான் விழுகிறார்கள்.

அடுத்தது, ஏன் கடைசியில்? ஆரம்பக் கோடு அகலமாக இருக்கும், கொஞ்ச தூரத்திலேயே பாதை குறுகிவிடும். பின்னால் மாட்டிக்கொண்டால் முந்த இடம் கிடைக்காது என்று எல்லோரும் முதல் சில நூறு மீட்டரைத் தலைதெறிக்க ஓடுவார்கள். அந்தக் கடனைத்தான் கடைசி கிலோமீட்டரில் வட்டியோடு கட்டுகிறார்கள். இருபது, முப்பது நிமிட ஓட்டத்தில் மாரத்தான் மாதிரி உடம்பில் இருக்கிற சர்க்கரைச் சேமிப்பு தீர்ந்துபோவதில்லை. தசைக்குக் கிடைக்கிற ஆக்சிஜனுக்கு மேல் வேலை வாங்கிக்கொண்டே இருப்பதால் தசை தளர்கிறது, உடம்பு சூடாகிறது, மூளை "போதும்" என்கிறது. லாக்டிக் அமிலம்தான் வில்லன் என்று நாம் பள்ளியில் படித்தோம். இப்போது லாக்டேட்டை உடம்பு எரிபொருளாகவும் பயன்படுத்துகிறது என்கிறார்கள்.

பெரிய ஆட்களுக்கும் இது நடக்கும். 2022 தேசியப் போட்டியில் புளோரிடாவின் பார்க்கர் வால்பி நல்ல இடைவெளி விட்டு முன்னால் போனார். கடைசிக் கட்டத்தில் கேட்லின் டூஹி அவரைப் பிடித்துத் தாண்டி ஜெயித்தார். அடுத்த வருஷம், 2023-ல், அதே வால்பி சாம்பியன். 2016-ல் கல்லூரி சாம்பியனான ஆஸ்திரேலியர் பேட்ரிக் டியர்னன், 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் கடைசிச் சுற்றில் விழுந்து, எழுந்து, தள்ளாடியபடி முடித்தார். இவர்களுக்கெல்லாம் மனசு இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா?

இப்போது முக்கியமான விஷயம். பிள்ளைகள் ஓடுகிற வீட்டில் இருப்பவர்கள் இதை மட்டுமாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கோட்டைத் தாண்டி விழுவது வேறு, கோட்டுக்கு முன்னால் விழுவது வேறு.

ஓடும்போது கெண்டைக்கால் தசை ஒரு பம்பு மாதிரி ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டே இருக்கிறது. கோட்டைத் தாண்டிச் சட்டென்று நின்றால் பம்பும் நின்றுவிடும். ரத்தம் காலில் தங்கும், அழுத்தம் இறங்கும், கண் இருட்டும், ஆள் விழுவார். பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் பெரும்பாலும், படுக்கவைத்துக் காலைக் கொஞ்சம் உயரத் தூக்கி வைத்தால் சில நிமிடங்களில் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஓட்டத்தை முடித்ததும் நிற்காமல் மெதுவாக நடக்கச் சொல்வது இதற்காகத்தான்.

பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே, கோட்டுக்கு முன்னாலேயே ஒருவர் விழுந்தால் அந்தக் காரணம் பொருந்தாது. வெறும் களைப்பாக இருக்கலாம். ஆனால் உடம்புச் சூடு 104 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிய வெப்பத் தாக்காகவோ, இதயக் கோளாறாகவோ இருக்கவும் கூடும். பேரைக் கேட்டால் உளறுகிறாள், எந்த ஊர் என்று தெரியவில்லை, எரிந்து விழுகிறாள் என்றால் மூளை சூடாகிவிட்டது என்று அர்த்தம். அப்போது தண்ணீர் குடிக்கக் கொடுத்துக்கொண்டு நிற்கக் கூடாது. ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் கழுத்து வரை அமுக்கி, உடனே குளிர வைக்க வேண்டும். முதலில் குளிர்விப்பது, பிறகுதான் ஆஸ்பத்திரிப் பயணம். நினைவும் இல்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால் உடனே மார்பை அழுத்த ஆரம்பித்து, இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் கருவியைக் கொண்டுவரச் சொல்ல வேண்டும்.

இது இன்று நேற்று வந்த கதையும் இல்லை. 1908 லண்டன் ஒலிம்பிக் மாரத்தானில் இத்தாலியின் டொராண்டோ பியெட்ரி மைதானத்துக்குள் வந்த பிறகு திரும்பத் திரும்ப விழுந்தார். அதிகாரிகள் தூக்கிவிட்டு முடிக்க வைத்தார்கள். உதவி வாங்கினார் என்று தங்கம் பறிபோனது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் கிராஸ் கன்ட்ரியே ஒரு போட்டியாக இருந்தது. கொளுத்துகிற வெயிலில் 38 பேர் கிளம்பி, 15 பேர்தான் முடித்தார்கள். அதன் பிறகு இன்று வரை கோடைக்கால ஒலிம்பிக்கில் இந்தப் போட்டி திரும்பி வரவில்லை.

உதவி வாங்கினால் தகுதி போய்விடும் என்ற விதி கல்லூரிப் போட்டிகளிலும் உண்டு. ஆனாலும் 2017-ல் அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ் போட்டியில், கோடு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் கால் மடங்கிய ஒரு பெண்ணை, வேறு வேறு கல்லூரிகளைச் சேர்ந்த இரண்டு பெண்கள் ஆளுக்கொரு பக்கம் தாங்கிக் கூட்டிவந்தார்கள். பாயிண்ட் கணக்கை நினைத்திருந்தால் தாண்டிப் போயிருக்கலாம். அந்த வீடியோவை என் மனைவி எத்தனை தரம் பார்த்திருப்பாள் என்று தெரியாது.

அமெரிக்கக் கதை நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு, நான் இருக்கிற மாநிலத்திலிருந்தே ஒன்று. 2024 ஆகஸ்ட், செப்டம்பரில் ஜார்க்கண்டில் கலால் துறை கான்ஸ்டபிள் வேலைக்கு உடல்தகுதித் தேர்வு நடந்தது. ஆண்களுக்கு 60 நிமிடத்தில் 10 கிலோமீட்டர். கல்லூரி ஆண்கள் தேசியப் போட்டியில் ஓடுகிற அதே தூரம். பத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் இறந்துபோனார்கள். அதற்குக் காரணம் இது, அது என்று பல பேச்சு. தேர்வைச் சில நாள் நிறுத்திவைத்து, வெயில் ஏறுமுன் முடிக்கச் சொன்னார்கள். அந்த வாரங்களில் ஆபீஸில் டீ குடிக்கும்போதெல்லாம் இதே பேச்சுதான். அங்கே டீம், இங்கே வேலை. விழுகிற பிள்ளையின் முதுகில் இருக்கிற பாரம் ஒன்றுதான்.

சரி, அக்கா மகள் கதைக்கு வருகிறேன். அவள் ஒரு தடவைகூட விழவில்லை. அவளுக்கு நடந்தது வேறு. இரண்டாவது சீசனில் வாரத்துக்கு வாரம் கடைசி இரண்டு கிலோமீட்டரில் பின்தங்கிக்கொண்டே போனாள். முதல் வருஷம் டீமில் மூன்றாவது ஆள். அக்டோபரில் ஆறாவது ஆள். கோச் "மன உறுதி" பற்றி வகுப்பு எடுத்தாராம். அத்தான் "படிப்பைப் பார், ஓட்டம் போதும்" என்றார். அவள் படிப்பது மூன்றாம் டிவிஷன் கல்லூரி. அங்கே விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் கிடையாது. ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஃபீஸ் ஒன்றுதான். அக்கா என்னிடம் போனில், "நல்லாத்தாண்டா சாப்பிடுறா, அவளுக்கு பயம் வந்துருச்சு போல" என்றாள்.

என்னிடம் அவ்வளவுதான் சொன்னாள். மீதி விஷயம் என் மனைவிக்குத்தான் போனது, அதுவும் அந்தப் பெண்ணிடமிருந்தே. "அத்தை, நாலு மாசமா பீரியட்ஸ் வரல. ஓடுறவங்களுக்கு அப்படித்தான்னு டீம்ல சொல்றாங்க. எனக்கும் வசதியாத்தான் இருக்கு." என் மனைவி அன்று ராத்திரியே அக்காவைக் கூப்பிட்டாள். எனக்குத் தெரிந்து அவள் அக்காவிடம் குரலை உயர்த்திப் பேசியது அந்த ஒரு நாள்தான்.

ஓடுகிறவர்களுக்கு அப்படித்தான் என்பது தப்பு. செலவழிக்கிற அளவுக்குச் சாப்பாடு உள்ளே போகாவிட்டால் உடம்பு ஒவ்வொரு டிபார்ட்மென்டாக மூட ஆரம்பிக்கும். முதலில் மூடுகிறவற்றில் மாதவிலக்கும் ஒன்று. பிறகு எலும்பு பலவீனமாகும், சின்னச் சின்ன விரிசல் வரும். 2014-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இதற்கென்று ஒரு பெயரே வைத்து அறிக்கை வெளியிட்டது. ஆண் பிள்ளைகளுக்கும் இது வரும் என்று சொன்னது. இவள் வாரம் அறுபது கிலோமீட்டர் ஓடிவிட்டு, ஹாஸ்டல் மெஸ்ஸில் சைவத்துக்குக் கிடைத்த சாலட்டும் சீரியலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நல்லாத்தான் சாப்பிடுகிறாள் என்று அக்கா நினைத்தது வீட்டில் பார்த்த கணக்கு.

ரத்தம் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் கிட்டத்தட்ட சரி. ஆனால் இரும்புச் சேமிப்பைக் காட்டுகிற ஃபெரிட்டின் அடிமட்டத்தில் இருந்தது. வெறும் ஹீமோகுளோபின் பார்த்து "நார்மல்" என்று அனுப்பியிருந்தால் இது தெரிந்திருக்காது. ஆக்சிஜனைச் சுமக்கவும் தசையில் அதைப் பயன்படுத்தவும் இரும்பு வேண்டும். அது குறைந்தால் ஆரம்பத்தில் தெரியாது, கடைசி இரண்டு கிலோமீட்டரில் தெரியும். மன உறுதி வகுப்பு எடுத்து இரும்பை ஏற்ற முடியுமா?

டாக்டர் ஓட்டத்தைக் குறைத்து, சாப்பாட்டைக் கூட்டி, மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரையோடு காபி, டீ கூடாது. ஆரஞ்சு, எலுமிச்சை மாதிரி புளிப்புப் பழம் சேர்த்துக்கொண்டால் இரும்பு நன்றாக ஏறும். பரிசோதனை இல்லாமல் யாரும் இரும்பு மாத்திரை போடாதீர்கள், அதிகமானாலும் ஆபத்து. மாதக்கணக்கில் ஆயிற்று. அந்த சீசனின் மிச்சத்தை அவள் ஓடவில்லை. கொடியைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் நின்று கத்தினாளாம். இந்த சீசனில் அவள் டீமில் ஐந்தாவது ஆள். அற்புதம் ஒன்றும் நடந்துவிடவில்லை. ஆனால் கடைசி கிலோமீட்டரில் அவளை யாரும் கூட்டம் கூட்டமாகத் தாண்டிப் போவதில்லை.

ஊரை விட்டுத் தள்ளி இருக்கிற நமக்கு, பிள்ளை ஜெயித்ததா தோற்றதா என்பது உடனே வாட்ஸப்பில் வந்துவிடுகிறது. அதன் உடம்பில் என்ன நடக்கிறது என்பது வருவதில்லை. உங்கள் வீட்டில் ஓடுகிற பிள்ளை இருந்தால், அடுத்த தடவை "எத்தனாவது வந்தே?" என்று கேட்பதற்கு முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். ஓடி முடித்ததும் நிற்காமல் நடந்தாயா? என்ன சாப்பிட்டாய்? மூன்றாவதை அம்மாவோ அத்தையோ சித்தியோ கேட்கட்டும். என்ன கேள்வி என்று அவர்களுக்குத் தெரியும்.