குருவின் கரம் பற்றிய சீடர்

தஞ்சைப் பெரிய கோயிலைக் காணச் செல்வோருள் பலர், சற்றுத் தொலைவில் சிவகங்கைக் குளத்தை ஒட்டி நிற்கும் சிறு தேவாலயத்தைக் கண்டும் காணாமல் கடந்து விடுவர். மாணவப் பருவத்தில் யாமும் அவ்வாறே கடந்தோம். பூங்காவில் அமர்ந்து வேர்க்கடலை கொறித்த மாலைகள் எண்ணில. அவ்வாயிலுள் அடி வைத்ததில்லை. எம்மை முதன்முதலில் உள்ளே அழைத்துச் சென்றவர் எம் தமிழாசிரியர்.

1779இல் எழுந்த கட்டடம் அது. எழுப்பியவர் ஜெர்மானியப் பாதிரியார் சுவார்ட்ஸ். 216 அடி விமானத்தைக் கண்டு வந்த கண்ணுக்கு அதன் புறத்தோற்றம் எளியதே. வியப்பு உள்ளே இருக்கிறது. ஆங்கிலச் சிற்பி ஜான் பிளாக்ஸ்மனைக் கொண்டு இரண்டாம் சரபோஜி மன்னர் வெண்சலவைக்கல்லில் வடிப்பித்த புடைப்புச் சிற்பம் அது. மரணப் படுக்கையில் பாதிரியார். அவர் கரம் பற்றி நிற்பவர் சரபோஜி. இங்கிலாந்தின் இடைக்கால ஊர்த் தேவாலயங்களில் நிலக்கிழார்களும் பிரபுக்களும் கல்லுருவாய்ப் படுத்திருப்பர். இங்கோ படுத்திருப்பவர் ஆசிரியர். அருகில் நிற்பவரே அரசர்.

1787இல் துளஜா மன்னர் இறக்கும் தறுவாயில், தாம் தத்தெடுத்த சிறுவனை ஒப்படைத்தது இப்பாதிரியாரிடந்தான். அமர்சிங் ஆண்ட காலத்தில் அச்சிறுவனைச் சென்னையில் பயிலச் செய்து, அவன் உரிமைக்காக வாதாடியவரும் இவரே. 1798 பிப்ரவரியில் இவர் மறைந்தார். அவ்வாண்டிலேயே சரபோஜி அரியணை ஏறினார். அதைக் காணக் குருவுக்குக் கொடுத்து வைக்கவில்லை.

மற்றொன்றும் நம்மவர் அறியத்தக்கது. தேவாலயம் எழுந்த அதே 1779இல் ஆங்கிலேயரின் தூதராகச் சீரங்கப்பட்டினம் சென்று ஐதர் அலியைக் கண்டவர் இவர். ஈராண்டில் ஐதரின் படை காவிரி நாட்டுள் புகுந்தது. ஆயினும் இப்பாதிரியாரை எவரும் தடுக்கலாகாதென ஐதர் ஆணையிட்டிருந்தார். வயல்கள் பாழாகிப் பஞ்சம் சூழ்ந்தபோது, முன்பே வாங்கிச் சேர்த்திருந்த நெல்லால் பசித்தோர்க்குச் சோறிட்டவரும் இவரே.

இவற்றையெல்லாம் எமக்கு அச்சிற்பத்தின் முன் நின்று சொன்ன ஆசிரியர், பின்னாளில் குடந்தையில் நோயுற்றுக் கிடந்தார். விடைத்தாள் திருத்தும் பணி முடியட்டும் எனப் பயணத்தை ஒத்தி வைத்தோம். பணி முடியுமுன் செய்தி வந்தது. ஜனாஸாவிற்குத் தோள் கொடுத்தோம். உயிரோடிருந்த கரத்தைப் பற்றினோமில்லை.

சென்ற ஆண்டு எம் மாணவரோடு அங்குச் சென்றோம். துளஜா, சரபோஜி, ஐதர் என வரலாறு முழுவதும் கூறினோம். எம் ஆசிரியரைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை.