அடைத்த துளை
(மூன்றாம் ஆண்டு, விலங்கியல்)

"கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது நம் முன்னோர் வாக்கு. அதன் பொருளை இவ்வாண்டு எனக்குக் கற்பித்தது ஒரு கோழிக்கரு!

அடையில் 33 மணி நேரம் வளர்ந்த கரு அது. அதன் தலைப்பகுதி, 10 மைக்ரான் கனமுள்ள 42 குறுக்குவெட்டுகளாக எங்கள் ஆய்வுக்கூடத்து ஸ்லைடுகளில் இருந்தது. அவற்றை நுண்ணோக்கி வழியே படம்பிடித்து, கணிப்பொறியில் மீண்டும் முழு உருவமாக்கும் பணியைப் பேராசிரியர் என்னிடம் ஒப்படைத்தார்.

இவ்வாசை புதிதன்று. 1880-களிலேயே குஸ்தாவ் போர்ன் என்னும் ஜெர்மானிய அறிஞர், ஒவ்வொரு வெட்டையும் பெரிதாக்கி மெழுகுத் தகட்டில் வரைந்து, நறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி உருவம் சமைத்தார். இன்று மெழுகின் இடத்தில் முக்கோணங்கள் வந்துள்ளன. 1987-இல் லோரன்சன், கிளைன் என்ற இருவர் வெளியிட்ட முறை, படங்களுக்கிடையே சின்னஞ்சிறு கனசதுரங்களைக் கற்பித்துக்கொள்கிறது. ஒவ்வொன்றின் எட்டு மூலைகளும் உறுப்புக்கு உள்ளேயா, வெளியேயா என்று பார்க்கிறது. விடைகள் 256 விதமாக அமையலாம்; ஒத்தவற்றைச் சேர்த்தால் 15 வகைதான். விடைக்கேற்ப முக்கோணங்களைப் பொருத்தினால், மேற்பரப்பு முழுதும் மீன்வலைபோல் பின்னப்பட்டுவிடும்.

என் வலை முதலில் கரடுமுரடாகவே வந்தது. ஸ்லைசர் என்னும் இலவச மென்பொருளில் இடைவெளிகளை அடைக்கவும், பரப்பை வழவழப்பாக்கவும் வசதிகள் உண்டு. இரண்டையும் தாராளமாகப் பயன்படுத்தினேன். பளிங்குச் சிலைபோல் மின்னிய நரம்புக்குழாயைத் துறைக் கருத்தரங்கில் காட்டினேன். கைதட்டல் எழுந்தது. பேராசிரியர் மட்டும், "முன்துளை எங்கேயப்பா?" என்றார்.

நெஞ்சு திக்கென்றது. அந்த வயதில் குழாயின் முன்முனை முற்றும் மூடியிருப்பதில்லை. முதல் சில வெட்டுகளில் மயிரிழைபோல் தெரிந்த இடைவெளியைக் குறையென்று கருதி நானே அடைத்திருந்தேன்!

மனிதக் கருவில் அத்துளை ஏறத்தாழ 25-ஆம் நாளில் மூடுகிறது. மூடத் தவறினால் மூளையும் மண்டையோடும் முழுமையாக உருவாவதில்லை. என் அத்தையின் முதற்குழந்தை அப்படித்தான், பிறந்த சில மணி நேரத்தில் மறைந்தது. ஊரார் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அத்தை தன்னையே நொந்துகொண்டார். அந்தக் காரணத்தை அறியவே விலங்கியலைத் தேர்ந்தெடுத்தவன் நான். நானே அதை அழகுக்காக அழித்துவிட்டேனே!

மறுநாளே மீண்டும் தொடங்கினேன். 42 வெட்டுகளின் எல்லைகளையும் கையாலேயே வரைந்தேன். இரண்டு வாரம் பிடித்தது. இப்போதைய உருவத்தில் மினுமினுப்பு இல்லை. ஆனால் துளை இருக்கிறது.

விடுமுறையில் ஊருக்குச் சென்று அத்தையிடம் அப்படத்தைக் காட்டி, விவரம் சொன்னேன். நெடுநேரம் உற்றுப் பார்த்தார்.

"இம்மாத்துண்டு துளைதானாடா?" என்றார்.

"ஆமாம் அத்தை. உங்கள்மேல் எந்தக் குற்றமும் இல்லை."

அவர் கண்களைத் துடைத்துக்கொண்டார். நண்பர்களே, அன்று கிடைத்த அந்த நிம்மதிக்கு முன் கருத்தரங்கக் கைதட்டல் எம்மாத்திரம்!